பூர்வகுடிப் பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் ஒன்றாகத் தங்கும் காட்டு முகாம்: பிள்ளையை அனுப்பலாமா?

பனிக்கால வாசகி (ஸ்காபரோ)

எல்லோருக்கும் வணக்கம். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குப் பாடசாலையிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. கோடை விடுமுறையில் வடக்கே ஓர் ஏரிக்கரையில் முகாம். பாதிப் பேர் ரொறன்ரோப் பிள்ளைகள், மற்றப் பாதி அனிஷினாபே என்ற பூர்வகுடி மக்களின் ஒரு சமூகத்துப் பிள்ளைகள். வள்ளம் வலிப்பது, கூடாரத்தில் படுப்பது, மீன் பிடிப்பது, இரவில் நெருப்பைச் சுற்றி இருந்து பேசுவது. பூர்வகுடி இளையோருக்கும் மற்ற இளையோருக்கும் இடையே புரிந்துணர்வை வளர்ப்பதுதான் நோக்கம் என்று போட்டிருக்கிறார்கள்.

மகளுக்குப் போக ஆசை. எனக்கும் மறுப்பில்லை. ஆனால் ஒரு கேள்வி மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தங்கவைத்த வதிவிடப் பாடசாலைகளில் அத்தனை பிள்ளைகளைப் பறிகொடுத்த சமூகம் அது. அந்த வீட்டுப் பிள்ளைகளோடு எங்கள் பிள்ளைகள் கொஞ்ச நாள் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வந்தால் புரிந்துணர்வு வந்துவிடுமா? என் மகளின் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் ஒரு வரி கூடும். அந்தப் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும்?

இப்படியான முகாம்கள் பற்றித் தெரிந்தவர்கள், போய்வந்தவர்கள் எழுதுங்கள். நீச்சல், கரடி, மருந்து போன்ற பாதுகாப்பு விஷயங்களைப் பாடசாலையிடம் கேட்டுக்கொள்கிறேன். மற்றதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.


மிசிசாகா சிவா

அனுப்புங்க மேடம். போன் இல்லாம நாலு பசங்க ஒண்ணா உட்கார்ந்தாலே பாதி வேலை முடிஞ்சிடும். நம்ம பசங்களுக்கு இந்த நாட்டோட உண்மையான வரலாறு பாடப்புத்தகத்துல ரெண்டு பக்கம்தான். நேர்ல பழகினா வேற மாதிரி இருக்கும்.


கடலோரக் குமாரன் (பிரின்ஸ் ரூபர்ட்)

அக்கா, நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த நாட்டில் இந்த வகை முகாம்களுக்கு வழிகாட்டியாகப் பலரும் சொல்வது, கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால் ஹைடா என்ற பூர்வகுடி மக்கள் வாழும் ஹைடா குவாய் தீவுகளில் தொடங்கியதைத்தான். நான் இருக்கும் ஊரிலிருந்து பெரிய படகில் ஏறினால் ஏறக்குறைய ஒரு முழுப் பகல் ஓட்டம். 1978-இல் அந்தத் தீவுகளின் வடமேற்கு மூலையில், லெபாஸ் குடா என்ற இடத்தில் 'ரீடிஸ்கவரி' என்ற பெயரில் முகாம் போட்டார்கள். தொடங்கியவர்களில் ஒருவர் டாம் ஹென்லி என்ற வெள்ளையர். ஆனால் ஹைடா மூத்தோர் கூட நின்றதால்தான் அது நடந்தது. அங்கே சாலை கிடையாது. கடல் அமைதியாக இருந்தால் படகில் போகலாம், இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டியதுதான்.

அது யாருக்காகத் தொடங்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். குடும்பத்தை விட்டுப் பிரிந்து, வளர்ப்பு வீடுகளில் அலைந்து, பொலிஸ், நீதிமன்றம் என்று சிக்கிக்கொண்ட இளையோர்தான் முதலில் நினைவில் இருந்தார்கள். தங்கள் மண்ணில் தங்கள் பாட்டி தாத்தாவோடு அவர்கள் கொஞ்ச காலம் இருக்கட்டும் என்பது எண்ணம். கூடவே மற்றப் பிள்ளைகளையும் சேர்த்தார்கள். இந்த வரிசைதான் என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஹைடாப் பிள்ளைக்கு அது வீடு திரும்புதல். மற்றப் பிள்ளை அந்த வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறது. வெள்ளைக்காரப் பிள்ளைக்குப் பாடம் நடத்தவென்று ஹைடாப் பிள்ளையை யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை.

அங்கே என்ன செய்கிறார்கள் என்றால், முதலில் சாப்பாடு தேடுவார்கள். இந்தக் கரையோரத்தில் ஒரு பழமொழி உண்டு: கடல் வற்றினால் பந்தி விரித்தாச்சு. பாறைகளில் ஒட்டியிருக்கும் சிப்பி, கடல் முள்ளெலி, கரையில் ஒதுங்கும் பாசி, தூண்டிலில் ஹாலிபட் மீன். கையில் சின்னக் கத்தியும் வாளியுமாகப் பிள்ளைகள் குனிந்து நிற்க, எதை எடுக்கலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்று ஒரு கிழவி சொல்லிக்கொண்டே வருவார். ஹைடா மொழியில் பாட்டியை 'நானி' என்பார்கள். முகாமில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் நானிதான், எந்த ஊர்ப் பிள்ளையாக இருந்தாலும்.

குடாவிலிருந்து காட்டுப்பாதையில் நடந்தால் கியூஸ்டா வரும். ஒரு காலத்தில் பெரிய கிராமம். இப்போது மனிதர் இல்லை. வீடுகள் இருந்த பள்ளங்களும், மூன்று தூண்களைச் சேர்த்து நிறுத்திய ஓர் ஈமக் கம்பமும் நிற்கின்றன. பாசி படர்ந்து, கீழே வேர் பிடித்து, இன்னும் நிற்கிறது. அந்த இடத்தில் யாரும் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை. இங்கே இருந்தவர்கள் எங்கே என்று ஏதாவது ஒரு பிள்ளை தானாகவே கேட்டுவிடும். அப்போது 1862-ஐச் சொல்ல வேண்டிவரும். தெற்கே விக்டோரியா நகரத்தில் பெரியம்மை பரவியபோது, அங்கே தங்கியிருந்த பூர்வகுடி மக்களை, நோய் தொற்றியவர்களையும் சேர்த்து, ஊரைவிட்டு வடக்கே விரட்டினார்கள். அவர்கள் வள்ளங்களோடு நோயும் கரையெங்கும் வந்தது. பல ஆயிரமாக இருந்த ஹைடா மக்கள் அந்த நூற்றாண்டு முடியும்போது 600 பேர் அளவுக்கு வந்துவிட்டார்கள். மிஞ்சியவர்கள் ஓல்ட் மாசெட், ஸ்கிட்கேட் என்ற இரண்டு ஊர்களில் ஒதுங்கினார்கள். இதைப் புத்தகத்தில் படிக்கும் பிள்ளைக்கும், அந்தப் பள்ளத்தின் விளிம்பில், அதே மக்களின் பேரப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று கேட்கும் பிள்ளைக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

கடைசியாக, தனிமை. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பகலும் இரவும் கரையில் தன்னந்தனியாக இருக்க வேண்டும். பெரியவர்கள் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்வார்கள், ஆனால் பிள்ளையின் கண்ணில் பட மாட்டார்கள். நெருப்பு மூட்டத் தெரிந்தால் குளிர் குறையும். அடுத்த நாள் எல்லோரும் வட்டமாக இருந்து, கையில் ஒரு கோல் வைத்திருப்பவர் மட்டும் பேசுவது என்ற முறையில், இரவு எப்படிப் போனது என்று சொல்வார்கள். பயந்தேன் என்று எல்லாப் பிள்ளைகளும் சொல்வார்கள். அங்கே ஆளுக்கு ஆள் வித்தியாசம் இராது.

இன்னொன்று. இந்த முகாம் அரசியலைத் தள்ளிவைத்துவிட்டு நடந்ததல்ல. அதே காலத்தில்தான் தெற்கே லயல் தீவில் மரம் வெட்டும் கம்பனிகளை மறித்து ஹைடா மக்கள் பாதையில் உட்கார்ந்தார்கள். 1985-இல் 72 பேர் கைதானார்கள், அவர்களில் வயதான பெண்களும் இருந்தார்கள். 1987-இல் வெட்டுவது நின்றது. 1993-இல் லயல் தீவும் அடங்கிய குவாய் ஹானாஸ் பகுதியைக் கனடா அரசும் ஹைடா மக்களும் சேர்ந்து நிர்வகிப்பது என்று ஒப்பந்தமானது. 2010-இல் 'குயீன் சார்லட் தீவுகள்' என்ற பெயர் போய் ஹைடா குவாய் என்பதே அதிகாரபூர்வப் பெயரானது. 2024-இல் அந்தத் தீவுகள் ஹைடா மக்களின் நிலம் என்று மாகாண அரசே ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டது. அந்த முகாமுக்குப் போன பிள்ளைகள் இதையெல்லாம் செய்தியில் கேட்கும்போது, தாங்கள் சிப்பி பொறுக்கிய கரை நினைவுக்கு வரும். புரிந்துணர்வு என்பதை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன்.


தர்க்கன் (ஒட்டாவா)

குமாரன் அண்ணா எழுதியது அழகாக இருக்கிறது. ஹைடா குவாயில் அது சரியாக நடந்திருக்கலாம். ஆனால் இந்த நாட்டில் கோடை முகாமுக்கும் பூர்வகுடி மக்களுக்கும் உள்ள உறவுக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

எர்னஸ்ட் தாம்சன் சீட்டன் என்பவர், கனடாவில் வளர்ந்தவர், 1902-இல் அமெரிக்காவில் வெள்ளைக்காரச் சிறுவர்களுக்காக ஓர் இயக்கம் தொடங்கினார். சிறுவர்கள் 'இந்தியர்' போலக் கூட்டமாகப் பிரிந்து, இறகு சூடி, நெருப்பைச் சுற்றிச் சபை கூட்ட வேண்டும். அந்தப் பாணி அப்படியே ஒன்ராறியோவின் கோடை முகாம்களுக்கும் வந்து, பல பத்தாண்டுகள் நடந்தது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் மேளம் தட்டி, முகத்தில் வண்ணம் பூசி, இல்லாத சடங்குகளைச் செய்து விளையாடினார்கள்.

அதே ஆண்டுகளில் சட்டம் என்ன சொன்னது? 1885 முதல் 1951 வரை மேற்குக் கரைப் பூர்வகுடி மக்கள் பரிசுகளை வாரி வழங்கும் பொட்லாட்ச் விழா குற்றம். சமவெளி மக்களின் சூரிய நடனம் என்ற புனிதச் சடங்குக்கும் தடை இருந்தது. ஏறத்தாழ 1,50,000 பிள்ளைகள் வதிவிடப் பாடசாலைகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே தாய்மொழியில் வாய் திறந்தால் அடி. வெள்ளைக்காரப் பிள்ளை ஏரிக்கரையில் இறகு சூடி ஆடலாம், அந்த இறகுக்குச் சொந்தக்காரரின் பிள்ளை ஆடினால் தண்டனை. இதை நினைத்தாலே எனக்கு உடம்பு பதறுகிறது.

நாங்கள் 'காடு' என்று கொண்டாடும் இடங்களையும் பாருங்கள். இங்கே பலர் கோடையில் கிராண்ட் பெண்ட், பைனரி பக்கம் குடும்பமாகப் போய்க் கூடாரம் அடிப்பீர்கள். கொஞ்சம் தள்ளித்தான் இப்பர்வாஷ். 1942-இல் போர்க்காலச் சட்டத்தைக் காட்டி அங்கே ஸ்டோனி பாயிண்ட் பூர்வகுடி மக்களின் நிலத்தை இராணுவ முகாமுக்கு எடுத்தார்கள். போர் முடிந்தும் திருப்பிக் கொடுக்கவில்லை. 1995 செப்டம்பரில், பக்கத்து மாகாணப் பூங்காவில் முன்னோரின் இடுகாடு இருக்கிறது என்று சொல்லி அந்த மக்கள் உள்ளே போய் இருந்தார்கள். பொலிஸ் சுட்டு டட்லி ஜோர்ஜ் இறந்தார். கையில் ஆயுதம் இல்லாதவர். விசாரணை ஆணையத்தின் அறிக்கை வர 2007 ஆனது.

ஆகவே வாசகி அக்கா, முகாம் யாருடைய நிலத்தில் நடக்கிறது, அந்த நிலத்தின் மக்கள் அழைத்தார்களா, இல்லை ரொறன்ரோவில் யாரோ திட்டம் போட்டுவிட்டு அவர்கள் பிள்ளைகளையும் 'சேர்த்துக்கொண்டார்களா' என்பதைக் கேளுங்கள். இரண்டாவது வகை என்றால் நான் என் பிள்ளையை அனுப்ப மாட்டேன்.


மிசிசாகா சிவா

தர்க்கன் சார், இப்படிப் பார்த்தா எதையுமே தொடங்க முடியாதே? தப்பா நடந்ததைச் சரி பண்ணத்தானே இந்த முயற்சி?


தர்க்கன் (ஒட்டாவா)

தொடங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை சிவா. யார் தொடங்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். 2015-இல், வதிவிடப் பாடசாலைகளைப் பற்றி விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், செய்ய வேண்டியவை என்று 94 அழைப்புகளை வைத்தது. அதில் இளையோர் பற்றிய ஓர் அழைப்பு, சமூகங்களே நடத்தும் இளைஞர் அமைப்புகளுக்குத் தொடர்ந்து பணம் கொடுங்கள் என்கிறது. சமூகங்களே நடத்துவது, தொடர்ந்து கொடுப்பது, இரண்டும் முக்கியம். ஒரு கோடைக்குப் பணம் கொடுத்துப் படம் எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த வருடம் கைவிடுவதை அவர்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள்.


மலரவள் (மார்க்கம்)

நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது இப்படி ஒரு முகாமுக்குப் போயிருக்கிறேன். இங்கே பிறந்து வளர்ந்தவள், எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும்.

முதல் நாள் மாலை நன்றாக இல்லை. நடத்துனர் ஒருவர் எல்லோரையும் வட்டமாக இருத்தினார். என் பக்கத்தில் ஓர் அனிஷினாபேப் பெண், என் வயதுதான். அவளிடம், உன் கலாசாரத்தைப் பற்றி எங்களுக்குச் சொல்லேன் என்றார். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நான் பாரி நகரத்தில் வளர்ந்தேன், கூடைப்பந்து விளையாடுவேன், அவ்வளவுதான் என்றாள். முகம் சிவந்துவிட்டது. என்னிடமோ வேறு யாரிடமோ அந்தக் கேள்வி வரவில்லை. அன்றிரவு கூடாரத்தில் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பிறகுதான் விஷயம் விளங்கியது. அவளும் இந்த வாழ்க்கைக்குப் புதிது. அவளுடைய அம்மம்மா ஒரு வதிவிடப் பாடசாலையில் வளர்ந்தவர், பேரப்பிள்ளைகளுக்கு மொழியைச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. எனக்கு வள்ளம் வலிக்கத் தெரியாதது போல அவளுக்கும் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியவில்லை என்றால் யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள், அவளுக்குத் தெரியவில்லை என்றால் அவளுக்கு வெட்கம். இது பெரிய வித்தியாசம். நகரத்துப் பிள்ளைகளாகிய எங்களுக்கு அது உறைக்கவே நாளெடுத்தது.

எங்களைச் சேர்த்துவைத்தது பேச்சல்ல, சுமைதான். ஓர் ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் இடையே வள்ளத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் நடக்க வேண்டும். தலைகீழாகக் கவிழ்த்து, குறுக்குக் கட்டையைத் தோளில் வைத்து, முன்னால் ஒருத்தி பின்னால் ஒருத்தி. கை இரண்டும் மேலே பிடித்தபடி இருப்பதால் நுளம்பை அடிக்கக்கூட முடியாது. முன்னால் போகிறவளுக்குப் பாதை தெரியும், பின்னால் போகிறவளுக்கு முன்னால் இருப்பவளின் குதிகால் மட்டும்தான் தெரியும். வேர் இருக்கு, சேறு இருக்கு, கல் இருக்கு என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். நான் ஒருமுறை முழங்காலளவு சேற்றில் போனபோது அவளும் சேர்ந்து விழுந்தாள். இருவரும் வள்ளத்துக்கு அடியில் இருந்து சிரித்தோம்.

அதன் பிறகு ஒரு தாத்தா எங்களுக்குப் பிக்கரல் மீன் வெட்டப் பழக்கினார். அதிகம் பேச மாட்டார். தான் ஒரு மீனை மெதுவாக வெட்டிக் காட்டிவிட்டு, கத்தியை அவளிடம் கொடுத்தார். செவுளுக்குப் பின்னால் கத்தி வைத்து, முள் தட்டியதும் திருப்பி, வால்பக்கம் இழுக்க வேண்டும். அவள் முதல் மீனில் பாதிச் சதையை முள்ளோடு விட்டுவிட்டாள். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த மீனை எடுத்து வைத்தார். அதை அவள் ஒழுங்காக வெட்டியதும் தங்கள் மொழியில் ஏதோ ஒரு சொல் சொன்னார். அவள் அதைத் திருப்பிச் சொன்னாள். தாத்தா திருத்தினார், மறுபடி சொன்னாள். அதில் எனக்கு வேலை இல்லை என்று எனக்கே தெரிந்தது. நான் விறகு எடுக்கப் போய்விட்டேன்.

வாசகி அன்ரி, அந்தப் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டீர்கள். தாத்தாவும் கத்தியும் அந்தச் சொல்லும் கிடைக்க வேண்டும். அது கிடைக்கும் முகாம் என்றால் உங்கள் மகளுக்கும் நல்லது. அது இல்லாமல் வெறும் வட்டமாக இருந்து பேசும் முகாம் என்றால், அந்தப் பெண்ணைப் போல யாரோ ஒருத்திக்கு முதுகில் இன்னொரு சுமை.


பனிக்கால வாசகி (ஸ்காபரோ)

மலரவள், இரண்டு தடவை வாசித்துவிட்டேன் பிள்ளை. உங்கள் தமிழில் பிழையெல்லாம் இல்லை. நீங்களும் அவவும் இப்போதும் தொடர்பில் இருக்கிறீர்களா?


மலரவள் (மார்க்கம்)

இருக்கிறோம் அன்ரி. ஆனால் அது முகாம் செய்த ஏற்பாடு அல்ல, நாங்களாகப் பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் யாரோடும் தொடர்பு இல்லை. முடிந்த அடுத்த நாளே எல்லோரும் அவரவர் ஊருக்குப் போனோம், பிறகு நடத்தியவர்களிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.


முதுகலை மாணவன் (லண்டன், ஒன்ராறியோ)

இது பற்றி உளவியலில் நிறையப் பேசியிருக்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்.

1954-இல் கோர்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர், இரண்டு இனத்தவரைச் சும்மா பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வெறுப்புக் குறையாது என்றார். இருவரும் சம நிலையில் இருக்க வேண்டும், பொதுவான இலக்கு வேண்டும், போட்டி போடாமல் ஒத்துழைக்க வேண்டும், மேலே உள்ளவர்களின் ஆதரவு வேண்டும். 2006-இல் பெட்டிக்ரூ, டிராப் இருவரும் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நேரில் பழகுவது பொதுவாகவே முற்சாய்வைக் குறைக்கிறது, இந்த நிபந்தனைகள் இருந்தால் கூடுதலாகக் குறைகிறது என்பது முடிவு.

1954-இல் ஒக்லஹோமாவில் முசாபர் ஷெரீப் நடத்திய முகாமும் பிரபலம். 22 சிறுவர்களை இரண்டு அணியாகப் பிரித்துப் போட்டி வைத்தார்கள். கொடியை எரிக்கும் அளவுக்குப் பகை வந்தது. பிறகு சேர்த்து இருத்திச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள், சாப்பாட்டை எறிந்து சண்டை போட்டார்கள். கடைசியில் தண்ணீர்த் தொட்டி பழுதானபோதும், லாரி நின்றுபோய் எல்லோரும் கயிறு கட்டி இழுத்தபோதும்தான் பகை தணிந்தது. மலரவளின் வள்ளம் தூக்கிய கதை இதோடு பொருந்துகிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஷெரீப்பின் சிறுவர்கள் எல்லோரும் ஒரே மாதிரியான வெள்ளைக்கார நடுத்தரக் குடும்பத்தவர். பகையை உண்டாக்கியதே ஆய்வாளர்கள்தான். இங்கே அப்படி இல்லை. நிலம், மொழி, பிள்ளைகள் என்று எடுத்துக்கொண்டவர்களும் இழந்தவர்களுமாக ஒரு வரலாறு இருக்கிறது. அங்கே 'சம நிலை' தானாக வராது. அதனால்தான் குமாரன் அண்ணா சொன்ன ஏற்பாடு எனக்குச் சரியாகப் படுகிறது. வெளியே யாருக்கு அதிகாரமோ, முகாமுக்குள் அவர்கள் விருந்தாளி. பூர்வகுடி மூத்தோர்தான் வீட்டுக்காரர். அப்படி வைத்தால்தான் பிள்ளைகள் இருவரும் ஒரே மட்டத்துக்கு வருகிறார்கள்.


யாழ் மைந்தன்

இதையெல்லாம் வாசிக்க எங்கள் ஊர்க் கதைதான் ஞாபகம் வருகுது. மொழியைப் பறித்தது, நிலத்தைப் பறித்தது. எங்களுக்கும் அவைக்கும் ஒரே நிலைமைதான். எங்கட பிள்ளையள் போனால் அவைக்கு எங்களை உடனே விளங்கும்.


வடக்குத் தாதி (தண்டர் பே)

மைந்தன் அண்ணா, உங்கள் உணர்வு எனக்கும் உண்டு. நானும் சண்டைக்குள் பிறந்தவள்தான். ஆனால் இங்கே நாங்கள் அகதியாக வந்தாலும், வந்து நின்ற மண் அவர்களுடையது. எங்களுக்குக் குடியுரிமை கொடுத்த அரசுதான் அவர்கள் பிள்ளைகளைக் கொண்டுபோனது. எங்கள் பிள்ளைகள் அந்த முகாமில் எங்கள் கதையைச் சொல்லலாம், யாராவது கேட்டால். முதலில் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டும்.

நான் இந்த இழையில் எழுத வந்தது வேறு ஒரு விஷயத்துக்காக. நான் இருக்கும் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தண்டர் பேக்கு வடக்கே, விமானத்தில் மட்டும் போகக்கூடிய சமூகங்கள் நிறைய. பல ஊர்களில் மேல்நிலைப் பள்ளி கிடையாது. பதினாலு பதினைந்து வயதில் பிள்ளைகள் வீட்டைவிட்டு, தெரியாதவர்கள் வீட்டில் தங்கி, இந்த ஊரில் படிக்கிறார்கள். 2000-க்கும் 2011-க்கும் இடையில் அப்படி வந்த ஏழு பிள்ளைகள் இங்கே இறந்தார்கள். ஐந்து பேரின் உடல் ஆறுகளில்தான் கிடைத்தது. மரண விசாரணை முடிந்து 2016-இல் 145 பரிந்துரைகள் வந்தன. சாலையில் நடந்துபோகும்போது ஓடும் காரிலிருந்து பொருட்களை எறிகிறார்கள், கத்துகிறார்கள் என்று மாணவர்கள் அந்த விசாரணையில் சொன்னார்கள். அது செய்தியில் வந்து நாடே பார்த்தது.

அந்தக் காரில் இருப்பவர்களும் இளையவர்கள்தான். ஆகவே எனக்கு முகாம் என்றதும் தோன்றுவது இதுதான். ஏரிக்கரையில் ஒன்றாக மீன் வெட்டிய பிள்ளை, செப்டம்பரில் பஸ் தரிப்பிடத்தில் அதே பிள்ளையைக் கண்டால் பக்கத்தில் போய் நிற்குமா? யாராவது கத்தினால் வாய் திறக்குமா? நிற்கும் என்றால் அந்த முகாமுக்கு எத்தனை பணம் போட்டாலும் தகும். இதைக் காட்டிலிருந்து யாரும் கொண்டுவர முடியாது, ஊருக்குள் தொடர்ந்து வேலை செய்தால்தான் வரும். காட்டில் தொடங்கலாம், அவ்வளவுதான்.

ஒன்ராறியோவின் மானிட்டூலின் தீவில் விக்வெம்கூங் என்ற பூர்வகுடிச் சமூகத்தார் தங்கள் சொந்தப் பிள்ளைகளுக்காக 10 நாள் வள்ளப் பயணம் ஒன்றை வடிவமைத்தார்கள். லோரன்ஷியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கூட இருந்து அளந்து பார்த்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பிள்ளைகளின் மனவுறுதி கூடியிருந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது அந்தக் கூடுதல் நிலைக்கவில்லை. அதைத் தோல்வி என்று நான் பார்க்கவில்லை. பிள்ளை திரும்பிப் போகும் வீடும் பாடசாலையும் மாறாமல் இருந்தால் 10 நாள் எவ்வளவு தாங்கும்? சொந்தச் சமூகமே பார்த்துப் பார்த்துச் செய்ததற்கே இந்த நிலை என்றால், கலப்பு முகாமுக்குப் பின்தொடர்ச்சி இன்னும் அவசியம்.

தர்க்கன் தம்பி நிலத்தைச் சொன்னார். காட்டைப் பற்றியும் ஒன்று. 1966-இல் சேனி வென்ஜாக் என்ற 12 வயதுப் பையன் கெனோராவுக்குப் பக்கத்தில் இருந்த வதிவிடப் பாடசாலையை விட்டு ஓடினான். வீடு 600 கிலோமீட்டர் தூரத்தில். மெல்லிய உடுப்போடு தண்டவாள ஓரமாக நடந்து, குளிரில் விறைத்து இறந்துபோனான். எங்கள் பிள்ளைகள் உல்லாசமாகக் கூடாரம் போடும் அதே வடக்குக் காடுதான். அங்கே போகும் பிள்ளைக்கு அவன் பெயர் தெரிந்திருக்க வேண்டும். பயமுறுத்த அல்ல. பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளையின் வீட்டில் இந்தக் கதை பத்திரிகைச் செய்தி அல்ல, குடும்பக் கதை.


மட்டுறுத்துநர்

இழை நன்றாகப் போகிறது. யாழ் மைந்தன் தொட்ட விஷயத்துக்குத் தனி இழை திறக்கலாம், இங்கே முகாம்களோடு நிற்போம்.


கடலோரக் குமாரன் (பிரின்ஸ் ரூபர்ட்)

தாதி அக்கா சொன்னதை முழுக்க ஏற்கிறேன். ஒரு எண்ணிக்கையை மட்டும் சேர்க்கிறேன். 2021 கணக்கெடுப்பின்படி கனடாவில் 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் பூர்வகுடிகள் 7.7 சதவீதம். வளர்ப்பு வீடுகளில் இருக்கும் அதே வயதுப் பிள்ளைகளில் அவர்கள் 53.8 சதவீதம். மலரவளின் தோழியைப் போல மொழியும் ஊரும் தெரியாமல் வளரும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். முகாமுக்கு வரும் பூர்வகுடிப் பிள்ளை ஏதோ காட்டின் வித்தகர் என்று நினைத்துக்கொண்டு எங்கள் பிள்ளைகள் போகக்கூடாது. புறப்படும் முன்பே வீட்டில் வைத்து இதைச் சொல்லிவிடுங்கள்.


பனிக்கால வாசகி (ஸ்காபரோ)

எல்லோருக்கும் நன்றி. இன்று பாடசாலைக்கு அழைத்துப் பேசினேன். அழைப்பு அந்தச் சமூகத்திடமிருந்துதான் வந்திருக்கிறது. இடமும் அவர்களுடையது, மூன்று மூத்தோர் முழு நேரமும் இருப்பார்கள், அவர்களுக்கு ஊதியமும் உண்டு. போன வருடம் அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் நடத்தியிருக்கிறார்கள், இந்த வருடம்தான் வெளிப்பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்கள். முகாமின் முதல் சில நாட்கள் அவர்கள் பிள்ளைகள் தனியாக இருப்பார்கள், பிறகுதான் எங்கள் பிள்ளைகள் போய்ச் சேர்வார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

முகாமுக்குப் பின் என்ன என்று கேட்டேன். அதற்கு அவர்களிடம் பதில் இல்லை. ஆசிரியை நேர்மையாகவே சொன்னார், இன்னும் யோசிக்கவில்லை என்று. குளிர்காலத்தில் அந்தப் பிள்ளைகளை இங்கே வரவழைத்து எங்கள் வீடுகளில் தங்கவைக்கலாமா என்று கேட்டிருக்கிறேன். இன்னும் சில பெற்றோரையும் சேர்க்கப் பார்க்கிறேன்.

இன்னொரு கேள்வி. மூத்தோருக்கு ஏதாவது கொடுத்தனுப்பலாமா? வெறுங்கையோடு அனுப்ப மனமில்லை.


வடக்குத் தாதி (தண்டர் பே)

வரவழைக்கும் யோசனை நல்லது தங்கச்சி. ஆனால் வரும் பிள்ளைகளோடு அவர்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரும் வரட்டும். வீட்டைவிட்டு நகரத்துக்குப் பிள்ளையை அனுப்புவது என்றாலே பல தாய்மாருக்கு நெஞ்சு அடைக்கும், காரணம் மேலே எழுதியிருக்கிறேன். நாளைத் தீர்மானிக்கும் முன் அவர்களிடமே கேளுங்கள்.

மூத்தோருக்குக் கொடுத்தனுப்புவது பற்றி. அனிஷினாபே மூத்தோரிடம் எதையாவது கற்றுத்தரக் கேட்கும்போது புகையிலை கொடுப்பது மரபு. எங்கள் ஊரில் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது போல. கொஞ்சம் தூள் புகையிலையைச் சின்னத் துணியில் முடிந்து, இன்னது கேட்க வந்திருக்கிறேன் என்று சொல்லி நீட்ட வேண்டும். அவர் வாங்கினால் ஒத்துக்கொண்டார் என்று அர்த்தம். எல்லாச் சமூகத்திலும் எல்லா மூத்தோரும் ஒரே மாதிரி அல்ல, சிலர் தேவாலயத்துக்குப் போகிறவர்கள், விரும்பாமலும் இருக்கலாம். அதனால் முகாம் நடத்துபவர்களிடம் முதலில் கேட்டுவிடுங்கள். ஒன்ராறியோவில் 19 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குப் புகையிலை விற்க மாட்டார்கள், ஆகவே வாங்குவதும் பொறுப்பான பெரியவரிடம் கொடுத்துவைப்பதும் உங்கள் வேலை. அதோடு நல்ல தேயிலை ஒரு பெட்டி வைத்துவிடுங்கள். இங்கே வடக்கில் எல்லா வீட்டிலும் நாள் முழுக்கத் தேநீர் கொதித்துக்கொண்டே இருக்கும், யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.